பிப்ரவரி முப்பதாம் தேதி

கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குச் செய்தி படிக்கச் சொல்லிக்கொடு என்றால் அவனுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. செப்டம்பரில் பள்ளி திறந்த கையோடு எங்கள் தலைமையாசிரியை எல்லாரையும் ஆசிரியர் அறையில் உட்கார வைத்து ஒரு திட்டத்தை அவிழ்த்துவிட்டார். இந்த வருடத்திலிருந்து, எதையும் நம்புவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்த வேண்டுமாம். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? இந்த மூன்றும் வரலாற்று வகுப்பிலும் வருமாம், உயிரியலிலும் வருமாம், விளையாட்டு மைதானத்திலும் வருமாம்.

"அப்ப கணக்கை யாரு நடத்துவா? கோயில் பாதிரியாரா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பகலில் பள்ளி, மாலையில் டியூஷன். புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் அதே முக்கோணத்தைக் கொஞ்சம் சாய்த்து வரைந்து கொடுத்துவிட்டால், "சார், இது எங்களுக்கு நடத்தலையே" என்று விழிப்பார்கள். அவர்களைக் கேள்வி கேட்க வைப்பதாம்! ஆகிற காரியமா என்று நினைத்தேன்.

திட்டத்தை நடத்தும் பொறுப்பு அர்கிரோவின் தலையில் விழுந்தது. அர்கிரோ இந்த வருடத்துக்கு மட்டும் வந்த தற்காலிக மொழி ஆசிரியை. தெற்கே, வெயில் காயும் கிரேத்தா தீவுக்காரி. இப்படித் தற்காலிகமாக வருபவர்கள் செப்டம்பரில் பெட்டியோடு வந்து ஜூனில் பெட்டியோடு போவார்கள். அதனால் யாரும் தொட விரும்பாத வேலையெல்லாம் அவர்களிடம்தான் போகும். பனிக்காலத்தில் எங்கள் மலைக்காற்றைத் தாங்க முடியாமல் வகுப்பறையிலும் கோட்டைக் கழற்ற மாட்டாள். ஆனால் வாயைத் திறந்தால் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். அதை நான் ஒப்புக்கொண்டேதான் ஆக வேண்டும்.

தவக்காலத்துக்கு முந்தைய வாரம், அதாவது இறைச்சியை நிறுத்திவிட்டுப் பாலும் சீஸும் மட்டும் சாப்பிடுகிற வாரம், அவள் ஒரு யோசனையோடு வந்தாள்.

"சார், ஒரு பொய்ச் செய்தி தயார் பண்றேன். அதுல எட்டுத் தப்பு இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தப்பு. பிள்ளைங்க அதைக் கண்டுபிடிக்கணும். உங்க கணக்குத் தப்பை நீங்களே வெச்சுக் குடுங்க."

எனக்குள் இருந்த குறும்பு முழித்துக்கொண்டது. ஒரு கம்ப வரைபடம் போட்டுக் கொடுத்தேன். நோயாளிகள் தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூற்றெட்டு ஆனதை, பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் அடியை வெட்டிவிட்டு, இரண்டு மடங்கு ஏறியதாகத் தெரியும்படி வரைந்தேன். அப்படியொரு மோசடியை என் வாழ்நாளில் நான் அவ்வளவு அழகாகச் செய்ததில்லை. மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. உயிரியல்காரர், பேராசிரியர் ஒருவர் கிருமிகளை வெறும் கண்ணாலேயே பார்த்ததாக எழுதிக் கொடுத்தார். விளையாட்டு ஆசிரியர், நோயாளியின் இதயம் நிமிடத்துக்கு எண்ணூறு முறை துடித்ததாக எழுதினார். புவியியலம்மா ஒரு புகைப்படம் கொடுத்தார்: சீஸ் செய்யும் கூடம், அதன் பின்னால் வரிசையாகப் பேரீச்ச மரங்கள். எங்கள் ஊரில் பிப்ரவரியில் ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். வரலாற்றுக்காரர் ஆராய்ச்சி வெளியான தேதியைப் போட்டார்: சென்ற ஆண்டு பிப்ரவரி முப்பது.

செய்தியின் சாரம் இதுதான். இந்த ஊரில் ஃபெட்டா என்கிற ஆட்டுப்பால் சீஸ் செய்யும் ஒருவருடைய சரக்கில் நச்சுக்கிருமி இருக்கிறது, ஒரு பேராசிரியர் கண்டுபிடித்துவிட்டார், அழிக்கப்படுவதற்குள் எல்லாருக்கும் அனுப்புங்கள். தாளின் அடியில், "இதிலுள்ள எட்டுத் தப்புகளையும் கண்டுபிடி" என்று இருந்தது.

யாருடைய பெயரையும் போடக் கூடாது என்று அர்கிரோ கவனமாகத்தான் இருந்தாள். அவளுடைய ஊரில் தெருவுக்குத் தெரு சீஸ் செய்கிறவர்கள் உண்டு. எங்கள் ஊரில் ஒரே ஒருவன்தான், ஸ்தெர்யோஸ். அவளுக்கு அது தெரியாது, எங்களுக்குத் தெரியும். இருந்தும் நாங்கள் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் பாடத்துத் தப்பு சரியாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாளைக் கீழே வைத்துவிட்டோம். முழுத் தாளையும் யாரும் படிக்கவில்லை. இந்தக் கூத்து வாத்தியார்களுக்குத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை வகுப்பு பிரமாதமாக நடந்தது. பிள்ளைகள் பேரீச்ச மரத்தைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆனால் கடைசி வரிசையில் ஒருத்திக்கு மூன்று தப்புக்கு மேல் கிடைக்கவில்லை. தாளைப் போனில் படம் பிடித்து, வகுப்பு வேலை என்று தெரியாதபடி அடியில் இருந்த வரியை வெட்டிவிட்டு, "இதுல என்ன தப்பு, சீக்கிரம் சொல்லு" என்று நகரத்தில் இருக்கும் பெரியம்மா மகளுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் கேள்வியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். அந்த அம்மா பிறந்தது எங்கள் ஊர். அப்புறம் கேட்கவா வேண்டும்? இருட்டுவதற்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி தொமாயி, பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு ஃபெட்டாவை உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவும் நான் முந்தாநாள் வாங்கியது.

"என்ன பண்ற?"

"உசுரைக் காப்பாத்திக்கிட்டிருக்கேன். உனக்கு ஊர்ல நடக்கறது எதுவும் தெரியாது. ஸ்தெர்யோஸ் சீஸ்ல கிருமி இருக்காம். பேராசிரியரே சொல்லிட்டாரு."

"அந்தப் பேராசிரியரே நாங்கதான், தொமாயி! அது பள்ளிக்கூடத்துப் பயிற்சி!"

"அப்படித்தான் மூடி மறைப்பாங்க" என்றாள் அவள். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள்.

தலைமையாசிரியை அன்றே ஒரு மறுப்பு எழுதி எல்லாருக்கும் அனுப்பினார். அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல ஆனது. ஒண்ணும் இல்லாமலா இவ்வளவு அவசரமாக இல்லை இல்லை என்கிறார்கள் என்று கேட்டார்கள். கால்நடைத் துறையில் பரிசோதித்து எழுதி வாங்கலாம் என்றால் அலுவலகம் செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். திங்கள் விடுமுறை; அன்றே தவக்காலம் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் அன்றிலிருந்து ஈஸ்டர் வரை சீஸ் எந்த வீட்டு வாசற்படியையும் மிதிக்காது. இந்தக் கடைசி சனி, ஞாயிறில்தான் எல்லா வீட்டிலும் சீஸ் பணியாரம் வேகும், ஸ்தெர்யோஸ் கடையில் தள்ளுமுள்ளு நடக்கும். இந்த இரண்டு நாளில் அவன் பெயர் கெட்டுப்போனால், ஈஸ்டருக்கு அப்புறம் சனங்கள் நகரத்துக் கடைச் சீஸுக்குப் பழகியிருப்பார்கள். பெயர் ஒருமுறை போனால் போனதுதான். அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

சனிக்கிழமை காலை நான் அவன் கடைப்பக்கம் போனேன். கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. எதிரே காப்பிக் கடையில் பழைய தபால்காரர் ஸீஸிஸ் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா வாத்தியாரே? தப்பு பண்ணாதவன் கடையைச் சாத்துவானா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் காப்பியைத் தட்டிவிட்டிருப்பேன். திரும்பி அர்கிரோவின் வீட்டுக்கு நடந்தேன். அவள் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னம்மா இது?"

"வேலையை விட்டுட்டுப் போறேன் சார். ஒரு மனுஷன் பொழப்பைக் கெடுத்துட்டு இங்க எப்படி இருக்கறது? அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நீ போயிட்டா மட்டும் அவன் சீஸ் வித்துடுமா? எட்டுல ஒண்ணு நான் வரைஞ்சது. நானும் பெட்டி கட்டட்டுமா? உட்காரு முதல்ல."

அதட்டிவிட்டேனே தவிர, எனக்கும் வழி எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. வந்தது ரோதாந்தி, ஸ்தெர்யோஸின் மகள். எங்கள் வகுப்புப் பெண். பதினைந்து வயது. பேசினால் நேராகத்தான் பேசுவாள். அவளைப் பார்த்ததும் அர்கிரோ எழுந்து, "உங்கப்பாகிட்ட நானே வந்து..." என்று ஆரம்பித்தாள்.

ரோதாந்தி கையைக் காட்டி நிறுத்தினாள். "டீச்சர், அதுக்கு நான் வரல. மறுப்பு எழுதறதை நிறுத்துங்க. அது பொய்யின்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. யார் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. எங்களுக்கு நீங்க இது பொய்யின்னா சொன்னீங்க? தேடுங்கன்னு குடுத்தீங்க. நாங்களே கண்டுபிடிச்சோம், அதான் நம்பினோம். அவங்களுக்கும் அதே மாதிரி குடுங்க."

"யாருக்கு?"

"ஊருக்கு."

நானும் அர்கிரோவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அர்கிரோ மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் வீட்டுப்பாடம் போனது: "முழுத் தாளையும் வீட்டுப் பெரியவர்களிடம் கொடுங்கள். எட்டுத் தப்புகளை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் விடை சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்."

எங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இல்லை. அந்த வேலையை நானே செய்தேன். தாளைத் தொமாயி முன்னால் வைத்தேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"முடியாதுன்னு சொல்லு, விட்டுடறேன்" என்றேன்.

தொமாயியிடம் முடியாது என்ற சொல்லைச் சொன்னால் போதும். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"யார் சொன்னது?"

"பேராசிரியர்."

"எந்த ஊர்ப் பேராசிரியர்? பேரென்ன?"

"அது..." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பேரு போடல."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணால பாத்தாராம். கிருமியை." சற்று நிறுத்தினாள். "கண்ணால எப்படிடா பாக்க முடியும்?"

அப்புறம் அவளை நிறுத்தவே முடியவில்லை. "இது என்ன மரம்? பேரீச்சையா? நம்ம ஊர்லயா? ஏன்டா, எண்ணூறு தடவை துடிச்சா அது இதயமா, தையல் மிஷினா?" என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனவள் தேதியில் வந்து நின்றாள். வாய்விட்டு இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். முகம் சிவந்துவிட்டது.

"பிப்ரவரி முப்பது" என்றாள். "நேத்து சாயங்காலத்துல இருந்து இதை நான் பத்து பேருக்கு அனுப்பியிருக்கேன், அனெஸ்தி."

கேலி செய்ய வாய் வரைக்கும் வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவள் போனை எடுத்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட ஆரம்பித்தாள். எவளிடமும் அது பொய் என்று சொல்லவில்லை. "அந்தத் தாளை எடு. தேதியைப் படி. சத்தமாப் படி" என்றாள். ஒவ்வொரு முறையும் மறுமுனையில் தேதியை வாசிக்கும் குரல் வரும். அப்புறம் ஒரு கூச்சல் கேட்கும்.

மாலையில் காப்பிக் கடைக்குப் போனேன். அங்கே தாள் எனக்கு முன்னால் போயிருந்தது. யாரோ பேரன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். நான்கு மேசையையும் ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் அதன் மேல் குனிந்திருந்தார்கள். ஏழு தப்பு கிடைத்துவிட்டது. எட்டாவதற்காகத் தொண்டை கிழிந்துகொண்டிருந்தது.

"வாத்தியாரே, நல்ல சமயத்துல வந்த. எட்டாவது எது?" என்று கேட்டார் ஸீஸிஸ்.

"சொல்லக் கூடாது. கேள்விதான் கேட்கலாம்."

"அப்ப கேளு!"

"கம்பம் எங்க இருந்து ஆரம்பிக்குது?"

ஸீஸிஸ் வரைபடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தார். அடியில் நின்றது விரல். "தொண்ணூத்தாறு... இது தரையே இல்லையே! ஒரே ஒரு ஆள்தானே கூடியிருக்கான்! அடப்பாவி, எவன்டா இதை வரைஞ்சது?"

"அதை விடுங்க" என்றேன்.

கடை அதிரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் பின் ஒருவராக எதிரே மூடியிருந்த கதவைப் பார்த்தார்கள். ஸீஸிஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாளைக்குத் திறப்பானா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அதே கவலைதான்.

திறந்தான். ஞாயிறு காலை கோயில் மணி அடிப்பதற்கு முன்பே ஸ்தெர்யோஸ் கடைக் கதவை ஏற்றிவிட்டான். முதல் ஆளாக ஸீஸிஸ் நின்றார். பூசை முடிந்ததும் வரிசை கோயில் சுவர் வரை போனது. தேவைக்கு மேல் வாங்கினார்கள். யாரும் எடையைப் பார்க்கவில்லை. தொமாயி கோழிக்குப் போட்டதைப் போல இரண்டு பங்கு வாங்கினாள். ஸ்தெர்யோஸ் தலையைத் தூக்காமல் வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் பீப்பாய்களில் உப்புத் தண்ணீர்தான் மிச்சம். அப்பாடா என்று நான் கோயில் திண்டில் உட்கார்ந்து, பல நாளாக விட்டிருந்த சிகரெட்டை ஒன்று வாங்கிப் பற்ற வைத்தேன். நன்றாக இருந்தது.

அந்த ஞாயிறு எங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் நாளும்கூட. மாலை வழிபாடு முடிந்ததும் இளையவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய், கையை முத்தமிட்டு, என்னை மன்னித்துவிடுங்கள் என்பார்கள். கடவுள் மன்னிப்பார் என்று பதில் வரும். மனதில் எதையும் வைத்துக்கொண்டு தவக்காலத்துக்குள் நுழையக் கூடாது. அர்கிரோ ஸ்தெர்யோஸ் வீட்டுக்குத் தனியாகப் போக பயந்தாள். நானும் தொமாயியும் துணைக்குப் போனோம்.

ஸ்தெர்யோஸின் மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே மேசையில் சீஸ் பணியாரம் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஸ்தெர்யோஸ் எழுந்தான். அகலமான தோள்காரன். அவன் முன்னால் அர்கிரோ கோட்டுக்குள்ளேயே சுருங்கிப்போய் நின்றாள்.

"ஸ்தெர்யோஸ் அண்ணே, நான் யோசிக்காம எழுதிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். இவ்வளவும் நல்லபடியாக முடிந்த பிறகு இவன் இப்படி நிற்கிறானே என்று நினைத்தேன்.

"உங்களைக் கடவுள் மன்னிப்பாரும்மா. எப்பவோ மன்னிச்சிருப்பாரு" என்றான் கடைசியில். "ஆனா நேத்து நான் கடையைச் சாத்தினது ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யாரும் வாங்க வரலேன்னுதானே?" என்றேன் நான்.

"வந்தாங்க வாத்தியாரே. விஷயம் தெரியாத ரெண்டு பேரு வந்தாங்க. நான்தான் குடுக்கல." அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "நானே நம்பிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் போனுக்கும் வந்துச்சு. பேராசிரியர்னு போட்டிருந்துச்சு. எங்கப்பன் காலத்துல இருந்து இந்தக் கையாலதான் செய்யறோம். ஆனா பேராசிரியர்னு பாத்ததும் என் கையைத்தான் நான் சந்தேகப்பட்டேன். எங்க தப்பு நடந்துச்சு, எந்தப் பாத்திரத்தைச் சரியாக் கழுவலன்னு யோசிச்சு யோசிச்சு பைத்தியம் பிடிச்சிடுச்சு. ரோதாந்தி தட்டுல இருந்ததைப் பிடுங்கி வெளிய வீசினேன். இவ சொன்னா, அப்பா அது பொய், எங்க கிளாஸ் பயிற்சின்னு. சின்னப் பொண்ணு உனக்கு என்ன தெரியும்னு அதட்டி வாயை மூட வெச்சேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இது பொய்யின்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க என்று சனிக்கிழமை காலை ரோதாந்தி சொன்னாளே, அவள் ஊரை நினைத்துச் சொல்லவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பனை நினைத்துச் சொல்லியிருக்கிறாள்.

"அப்புறம் நேத்து மத்தியானம் தாளைக் கொண்டாந்து முன்னால வெச்சா" என்றான் ஸ்தெர்யோஸ். "ஒரு வார்த்தை விடை சொல்லல. கேட்டுக்கிட்டே இருந்தா. பொறுமையா. நான் அவளை அதட்டினதை மனசுல வெச்சுக்காம."

ரோதாந்தி சுவரோரமாக நின்று கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளிடம் போனான். எங்கள் ஊரில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவன் மகளுடைய கையை எடுத்து முத்தமிட்டான்.

"என்னை மன்னிச்சிடு, ரோதாந்தி."

தொமாயி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அர்கிரோ அழுதுகொண்டே சிரித்தாள்.

"கடவுள் மன்னிப்பாருப்பா" என்றாள் ரோதாந்தி. கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. "நான் சொன்னா நீ அப்படியே நம்ப வேணாம். ஆனா அடுத்த தடவை, உனக்கு எப்படித் தெரியும்னாவது என்னைக் கேளு."

"கேக்கறேன்" என்றான் அவன்.